மூணு சுழி கணம்

நான் தைக்கும் பை விரிந்து ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. கார் எதிலாவது மோதினால் ஸ்டியரிங்குக்குள்ளிருந்து வெளியே வந்து, ஓட்டுகிறவரின் தலையைத் தாங்குமே, அந்தக் காற்றுப்பை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத் தைக்கிறேன். தைத்ததும் மடிப்புப் பிரிவுக்குப் போகும். அங்கே மடித்துப் பெட்டிக்குள் அடக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு அது எங்கோ ஒரு காருக்குள் இருட்டில் கிடக்கும். கடைசிவரை அப்படியே கிடந்தால் எல்லோருக்கும் நல்லது. விரிய வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே தைக்க வேண்டிய பொருள். ஆனாலும், விரிந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கிற ஆசை போகவில்லை. இப்படி ஒரு ஆசையை வெளியே சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

எங்கள் தையல் கூடத்தின் கடைசியில் சோதனை அறை இருக்கிறது. கனத்த கதவு, மேலே சிவப்பு பல்பு. பல்பு எரிந்தால் உள்ளே பையை வெடிக்க வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். டொப்பென்று ஒரு சத்தம் வரும். மெஷின் மேசையில் வைத்த கத்தரிக்கோல் லேசாக நடுங்கும். பக்கத்து மெஷின்காரி உடனே, "யாரோ பொழைச்சுட்டாங்க" என்பாள். வாய் ஓயாது பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

அந்த அறையில் ஒரு உதவியாளர் வேலை காலியாக இருப்பதாகப் போன மாதம் பலகையில் ஒட்டினார்கள். எங்களில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பள்ளிக்கூட அளவில் இயற்பியலில் ஒரு தேர்வு, அதில் தேறினால் டெஸ்ட் ரூம் மேடம் நேரில் பார்த்துப் பேசுவார்.

"அங்கயும் உட்கார்ந்து வேலை, இங்கயும் உட்கார்ந்து வேலை. எதுக்குக்கா இந்த வயசுல பரீட்சை?" என்றாள் ரேடியோ.

"அங்க போனா பார்க்கலாம்."

"என்னத்தை?"

"பை விரியறதை."

"பெரிய பலூன் மாதிரி இருக்கும். நான் சொல்லிட்டேன், நீங்க பார்த்தாச்சு. போய் வேலையைப் பாருங்க."

நான் பெயர் கொடுத்தேன். துணி வெட்டுப் பிரிவிலிருந்து ஒரு அண்ணனும் கொடுத்திருந்தார்.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் புத்தகம்தான் எனக்கும். பள்ளிவிட்டு வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் வாசிப்பாள். நான் அடுப்பைப் பார்த்தபடி கேட்பேன். பஸ் ஓட்டும் என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால், "வாத்தியாரம்மா, மாணவி எப்படி?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்.

உந்தம் என்பது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வருவது. இது சுலபமாகத்தான் இருந்தது. கனமான பொருள் மெதுவாக வந்தாலும் இடிக்கும், லேசான பொருள் வேகமாக வந்தாலும் இடிக்கும். சமையலறையில் இருப்பவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தில்தான் வந்தது வம்பு.

"அரைக் கிலோ பந்து. வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்துல போய் சுவர்ல அடிக்குது. அதே வேகத்துல திரும்பி வருது. உந்த மாற்றம் எவ்வளவு?"

"பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"போகும்போது அஞ்சு, வரும்போது அஞ்சு. கழிச்சா என்ன வரும்?"

"சுவர்ல அடி வாங்கின பந்துக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்றியாம்மா?"

"நானும்தான் தினம் வேலைக்குப் போறேன், அதே வேகத்துல திரும்பி வர்றேன். எனக்கு என்ன மாறிடுச்சு?"

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை. "திரும்பிடுச்சும்மா. எதிர்த் திசை. அதனால மைனஸ் அஞ்சு. அஞ்சுலேர்ந்து மைனஸ் அஞ்சு வரைக்கும் எவ்வளவு தூரம்? பத்து. அது திசைவேகம். பேர்லயே திசை இருக்குல்ல?"

"அப்போ சுவர்ல ஒட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டா?"

"வெறும் அஞ்சுதான்."

நின்றுபோவதைவிடத் திரும்பி வருவதற்கு இரண்டு மடங்கு. விடையை எழுதிக்கொண்டேன். கை ஒப்புக்கொண்டது, மனது ஒப்பவில்லை. அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. கணக்குப் போடுகிறவர்கள் வசதிக்குச் சேர்த்துக்கொண்ட கோடு போலத்தான் இருந்தது.

அடுத்த கணக்கு என்னை நேராகவே அவமானப்படுத்தியது. ஓட்டுநரின் தலை ஐந்து கிலோ. வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்கிறது, பிறகு நிற்கிறது. உந்த மாற்றம் அறுபது.

"இது பை இருந்தாலா, இல்லாட்டியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் அதே அறுபதுதான்."

"எப்படி ரெண்டும் ஒண்ணாகும்?"

"ஓடிட்டிருந்த தலை நிக்குது. எதுல மோதி நின்னாலும் அறுபதுலேர்ந்து பூஜ்யம்தானே."

"பை வந்து தாங்கினா குறையாதா?"

"குறையாது."

"கொஞ்சம்கூடவா?"

"தள்ளுபடியெல்லாம் கிடையாதும்மா."

அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். இத்தனை வருடமாக நான் எதைத் தைத்தேன்? பை இருந்தாலும் அறுபது, இல்லாவிட்டாலும் அறுபது என்றால், என் முதுகுவலியும் நான் விடிகாலையில் ஓடிப் பிடித்த பஸ்களும் எந்தக் கணக்கில் சேரும்? இன்றைக்குப் போதும் என்று மகளிடம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. எங்கள் பையில் ஒரு தையல் உண்டு, சிவப்பு நூலில் போடுவது. உள்ளே ஒரு மடிப்பைப் பிடித்திருக்கும். பை விரியும்போது அது பிரிந்துபோக வேண்டும். பிரிவதற்காகவே போடுகிற தையல். அளவுக்கு மேல் உறுதியாக இருந்தால் பையையே ஒதுக்கிவிடுவார்கள். லைனில் அதற்கு சாகுற தையல் என்று பெயர். நல்ல தையல்காரிக்கு அதைப் போடக் கை கூசும். அன்றைக்கு அந்தச் சிவப்பு நூலைக் கோக்கும்போது, எல்லாமே வீணுக்குத்தானோ என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் அடுப்புக்கு மேலே சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டில் மிஞ்சிய வெள்ளைத் துணித் துண்டுகளில் மார்க்கர் பேனாவால் சூத்திரங்களை எழுதி, மனப்பாடமாவதற்காக அங்கே ஒட்டி வைத்திருந்தேன்.

"அம்மா, இது என்ன?"

"படிச்சுப் பாரு. நீ சொன்னதுதான்."

"கனத்தாக்கு சமம் விசை பெருக்கல் நேரம்." வாசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு சுழி ன போட்டிருக்கியே."

"பின்ன? கனமான தாக்கு. கனத்தாக்கு."

"மூணு சுழி ண, அம்மா. கணம். கணத்தாக்கு. ஒரு கணத்துல நடக்குற தாக்கு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். அவள் வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டு எழுதியது. பேசும்போது எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே சத்தம்தான். இவ்வளவு நாளாக நான் அந்தச் சொல்லுக்குள் எடையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அடி எவ்வளவு கனம், பை அதில் எவ்வளவு குறைக்கும் என்று. சொல்லுக்குள் எடையே இல்லை. நேரம்தான் இருந்திருக்கிறது.

"உட்காரு," என்றேன் மகளிடம். "அந்தத் தலைக் கணக்கை மறுபடி சொல்லு. நேரத்தோட சொல்லு."

அவள் அந்தத் துணித் துண்டின் பின்புறத்திலேயே எழுதினாள். மாறவேண்டியது அறுபது, அதுதான் கணத்தாக்கு. பை இல்லாவிட்டால் தலை ஸ்டியரிங்கில் மோதி, வினாடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஐந்து பங்கு நேரத்தில் நின்றுவிடும். அறுபதை அதால் வகுத்தால் விசை பன்னிரண்டாயிரம்.

"பன்னிரண்டாயிரம்னா?"

"ஒரு காரையே தூக்கித் தலை மேல வைச்ச மாதிரி."

"பை இருந்தா?"

"அதே ஆயிரத்துல அறுபது பங்கு நேரம் கிடைக்கும். விசை வெறும் ஆயிரம். அப்பா நம்ம தலை மேல ஏறி உட்கார்ந்த மாதிரி."

"நான் எண்பது கிலோதான்," என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"நூறு கிலோவுக்குப் பக்கம்பா, கணக்குக்குச் சரியா வருது," என்றாள் மகள்.

நான் அந்தத் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். மாறவேண்டிய அறுபது அப்படியே இருக்கிறது. அதில் யாரும் கை வைக்க முடியாது. ஐந்து பங்கில் தீரவேண்டியதை அறுபது பங்குக்கு நீட்டியதால், அதே அறுபதுக்குள் ஒருவர் சாகவும் முடிகிறது, மூக்கைத் தடவிக்கொண்டு காரைவிட்டு இறங்கவும் முடிகிறது. நடுவில் இருப்பது ஐம்பத்தைந்து பங்கு நேரம். பள்ளியில் மாத்திரைக் கணக்கு படித்திருக்கிறேன்: கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை, குறில் சொல்ல ஆகும் நேரம். இது அந்த அளவுக்குக்கூட வராது. மோதுகிறவர் 'அம்மா' என்று கத்த வாயெடுத்தால், அந்த 'அ' முடிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த 'அ'வுக்கு உள்ளே ஒரு இடம் செய்துகொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் நான். அதுவும் தெரியாமல். மகள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே தெரு நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே நின்றவர்கள் லேசாக முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். அதைப் பார்த்ததும், நான் நினைத்துப்பார்க்க விரும்பாத ஒரு பயணம் நினைவுக்கு வந்தது.

என் அம்மா இறந்த அன்று என் கணவர்தான் வேலை இடத்துக்கே வந்து என்னை அழைத்துப் போனார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தைக்கு லேசா முடியலையாம்" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்." சந்தை தாண்டியபோது, "நினைவே இல்லையாம்." இறங்குவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னார். ஏறும்போதே அவருக்கு எல்லாம் தெரியும். என் அம்மா இல்லாத அந்த வழி முழுவதும் அவள் இருப்பதாகவே என்னை நம்ப வைத்தார் என்று எனக்கு ஆறாத கோபம். சண்டை வரும்போதெல்லாம், "அன்னைக்கு நேரா சொல்லாத ஆள்தானே நீங்க" என்று குத்தியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

அடுத்த அறைக்குப் போனேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் தையல்காரி இருந்தும் பொத்தானை அவரேதான் தைத்துக்கொள்வார்.

"அன்னைக்கு பஸ்ல, அம்மா போன அன்னைக்கு," என்று ஆரம்பித்தேன்.

அவர் ஊசியை நிறுத்தினார். திட்டு வரப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார்.

"ஏன் கொஞ்சம் கொஞ்சமா சொன்னீங்க?"

"வண்டியில ஆள் நின்னுட்டிருக்கும்போது பிரேக்கை ஒரே மிதியா மிதிக்க முடியாதும்மா," என்றார். "நிறுத்தம் வந்தா நிறுத்தித்தான் ஆகணும். ஆனா தூரத்துலயே மிதிக்க ஆரம்பிச்சுடணும்."

ஊசியை வாங்கி அந்தப் பொத்தானை நானே தைத்துக்கொடுத்தேன். அவர் தைத்த பொத்தான் ஒரு வாரம் தாங்காது.

எழுத்துத் தேர்வில் நானும் வெட்டுப் பிரிவு அண்ணனும் தேறினோம். இரண்டு பேரையும் ஒரே நாளில் சோதனை அறைக்கு வரச் சொன்னார்கள். மேடம் என்னைவிட வயதில் சிறியவர், காதில் பஞ்சு வைத்திருந்தார். எங்களுக்கும் பஞ்சு கொடுத்தார். தடித்த கண்ணாடிக்கு அப்பால் ஒரு ஸ்டியரிங் தனியாக நின்றது. அதற்கு எதிரே தண்டவாளம் போல ஒரு பாதை. அதன் முனையில் ரப்பர் தோல் போர்த்த ஒரு தலை. கண் இல்லை, வாய் இல்லை, மூக்கு மட்டும் இருந்தது. ஐந்து கிலோவாம். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"பை எடுத்தது உங்க லைன்லேர்ந்துதான்," என்றார் மேடம். "யார் தைச்சதுன்னு நாங்க பார்க்கறதில்லை. நல்லா பார்த்துக்குங்க."

சிவப்பு பல்பு எரிந்தது. வருடக்கணக்காகக் காத்திருந்த கண்களை அகல விரித்து நின்றேன்.

டொப்.

ஸ்டியரிங்கில் ஒரு வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வெள்ளைத் தூசி, கருகிய வாசனை. தலை அசையாமல் துணிமேல் சாய்ந்திருந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மேடம்.

"இல்லைங்க மேடம்," என்றேன். அழுகை வரும்போல இருந்தது. "கண்ணை மூடிட்டேன் போலிருக்கு."

"நானும்தான் மேடம்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

மேடம் சிரித்தார். "நான் வந்து எவ்வளவோ நாளாச்சு, நானே நேர்ல பார்த்ததில்லை. சத்தத்துக்கு இமை தானா மூடிக்கும். திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். யார் கண்ணுக்கும் இது கிடையாது. கேமராவுக்குத்தான்."

பிறகு திரையில் போட்டுக் காட்டினார். எத்தனையோ மடங்கு மெதுவாக ஓடும் வீடியோ.

முதலில் ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு கீற்று விழுந்தது. அதன் வழியாக வெள்ளைத் துணி, பால் பொங்கி விளிம்பில் தயங்கி நிற்பது போல, கசங்கியபடியே எட்டிப் பார்த்தது. பிறகு வழிந்தது. மடிப்பு மடிப்பாகத் தன்னைத் தானே பிரித்துக்கொண்டு வளர்ந்தது. மேடம் ஒரு பொத்தானை அழுத்த, பக்கத்துத் திரையில் பைக்கு உள்ளே இருந்து எடுத்த படம் ஓடியது. என் சிவப்பு நூல். முதல் தையல் இழுபட்டு நின்று, நின்று, அறுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் தன்னால் முடிந்தவரை பிடித்து வைத்து, பிறகு அடுத்ததிடம் கொடுத்துவிட்டுப் போயிற்று. யாரும் பார்க்க முடியாத நேரத்துக்குள் இவ்வளவு நிதானமா என்று நினைத்தேன். அந்தத் தலை வந்து துணியைத் தொட்டது. ரப்பர் மூக்கு மெல்லச் சாய்ந்தது. தூக்கத்தில் குழந்தை தலையணையில் புதைவது போலப் புதைந்து, புதைந்துகொண்டே, மெதுவாகி, நின்றது.

மேடம் அங்கேயே படத்தை நிறுத்தினார்.

"இங்க தலை நிக்குது. பந்து மாதிரி திரும்பி எகிறலை. ஏன்?"

"பை மெத்துன்னு இருக்கு மேடம்," என்றார் அண்ணன்.

"பலூனும் மெத்துன்னுதான் இருக்கு. பலூன்ல குத்தினா கை திரும்பி வருதே."

என் முறை. திரையில் பையின் பக்கவாட்டில் இருந்த இரண்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் விளிம்பை இரட்டைத் தையல் போட்டு முடிப்பது நான்தான். காற்று நிறைய வேண்டிய பையில் எதற்கு ஓட்டை, ஓட்டையை எதற்கு இவ்வளவு அக்கறையாகத் தைப்பது என்று ரேடியோவும் நானும் எத்தனையோ நாள் கேலி பேசியிருக்கிறோம். அந்த ஓட்டைகளின் வழியாகத் தூசி வெளியேறிக்கொண்டிருந்தது, பை மூச்சு விடுவது போல.

"மைனஸ் வரக்கூடாதுன்னு, மேடம்," என்றேன்.

"என்னது?"

"ஓட்டை இல்லாட்டி காத்து உள்ளயே இருந்து தலையைத் திருப்பி எறிஞ்சிடும். வேகம் எதிர்ப்பக்கம் போயிடும். அறுபதுலேர்ந்து பூஜ்யத்துக்கு வர்றதோட விடாம, பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குப் போகும். அப்போ மாற்றம் அறுபதைவிட அதிகம். கழுத்து அதையும் தாங்கணும்." மூச்சு வாங்கியது. "ஓட்டை வழியா காத்து போறதால, நின்னதோட முடிஞ்சிடுது. திருப்பி அனுப்பலை."

பேசப் பேசத்தான் எனக்கே புரிந்தது. அந்த மைனஸ் கணக்குக்காகப் போட்ட கோடு இல்லை. அது ஒருவருடைய கழுத்தில் இருக்கிறது. சுவரிலிருந்து திரும்பிய பந்துக்கு என்ன நடந்தது என்று அன்று மகள் கேட்டதற்கு, இதோ, நின்றுபோன இந்தத் தலை பதில் சொல்கிறது.

மேடம் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மூன்று பேரும் பார்த்தோம்.

நான்கைந்து நாள் கழித்து அவர் எங்கள் லைனுக்கே வந்தார். ரேடியோ ஊமையாகிவிட்டாள். "கையில இருக்கற சிவப்பு நூலை முடிச்சுடுங்க," என்றார் மேடம் என்னிடம். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து அந்தப் பக்கம்." அவ்வளவுதான். போய்விட்டார்.

"போனதும் எனக்கு விரிஞ்சதைக் காட்டணும்," என்றாள் ரேடியோ.

"பலூன் மாதிரி இருக்கும். சொல்லிட்டேன், பார்த்தாச்சு," என்றேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது என் கணவரும் மகளும் மேசையில் இருந்தார்கள். இரண்டு முகங்களும் ஒன்றாக நிமிர்ந்தன. இந்தச் சில வாரங்களில் மகள் என்னோடு சேர்ந்து எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன். செருப்பைக் கழற்றினேன். கைப்பையை ஆணியில் மாட்டினேன். தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

"இன்னைக்கு மேடம் எங்க லைனுக்கு வந்தாங்க," என்றேன்.

"கெடைச்சுதா?" என்று எழுந்துவிட்டாள் மகள்.

"அவங்க எங்க பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. நேரா என் மெஷின்கிட்ட வந்து நின்னாங்க."

"அம்மா, கெடைச்சுதா இல்லையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இரு, வண்டி நிக்கட்டும்," என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு," என்றேன்.